கோடும் இரண்டு புள்ளிகளும்

ஏப்ரல் 7, திங்கள்

நூல் கடைக்காரர் போன வருட டைரி ஒன்றைக் கொடுத்தார். ஒரு பக்கம்கூட எழுதாதது. கிழமையை அடித்துவிட்டு எழுதினால் போதும். கரண்ட் போனால் பட்டறையில் தறிகள் நிற்கும், என் மிஷினும் நிற்கும், அப்போது எழுதலாம். தறி நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குச்சிகளில் நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை. தார் போடுவது என்பார்கள். மூன்று வருடமாகப் போடுகிறேன். அம்மா அதே பட்டறையில் நான்கு தறி ஓட்டுகிறாள்.

இன்று தங்கை தர்ஷினி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நோட்டீஸ் கொண்டு வந்தாள். தலைப்பு: ‘நம் பள்ளி ஒப்பந்தப் பள்ளியாகிறது – பெற்றோர் அறிய வேண்டியவை.’ அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, “படி” என்றாள். படித்தேன். ஜூன் முதல் பள்ளியை ஓர் அறக்கட்டளை நடத்தும். அரசாங்கத்தோடு ஐந்து வருட ஒப்பந்தம். தொடர்ந்து இரண்டு வருடம் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டியதால் நம் பள்ளியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

“பீஸ் கேப்பாங்களாமா?”

“இல்லைன்னு போட்டிருக்குது.”

“அப்புறம் என்னத்துக்குக் கடுதாசி?”

பெற்றோருக்கும் பொறுப்பு உண்டு, சனிக்கிழமை கூட்டத்துக்கு வரவேண்டும் என்று கடைசியில் இருந்தது. அம்மா வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். “ஒரு நேரத் தறிக்கூலி போச்சு” என்றாள்.

ஏப்ரல் 12, சனி

கூட்டத்துக்கு அம்மாவோடு நானும் போனேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு நாலு பேர் நடுவே நிற்கத் தெரியாது. தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அறக்கட்டளையிலிருந்து அனுபமா மேடம் வந்திருந்தார். இளவயது. மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்கும் குரல். “இனிமே நீங்க வெறும் பெற்றோர் இல்ல. இந்தப் பள்ளியோட பங்காளிகள்” என்றார். முன்வரிசையில் இருந்த எங்கள் பக்கத்து வீட்டுச் செல்வராணி அக்கா, “பங்காளின்னா அப்ப வரப்புச் சண்டை போட்டுக் கோர்ட்டுக்குப் போவோணுமுங்களே!” என்றது. எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார், ஆனால் காரணம் புரியாமல்.

பிறகு சிரிப்பு இல்லை. ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளும் மறுபடி பதிய வேண்டும். அம்மாவோ அப்பாவோ நேரில் வந்து பேசி, பள்ளிக்காரர்கள் முன்னாலேயே உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தினமும் வீட்டுப்பாட நோட்டில் கையெழுத்து. மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டம். பெற்றோர் வாக்கு மாறினால், பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லும் உரிமை பள்ளிக்கு உண்டு.

“எதுக்கு இவ்வளவுன்னா, அஞ்சு வருசத்துல ரிசல்ட் குறைஞ்சா ஒப்பந்தம் போயிரும். வீட்டுல அக்கறை இருக்கற பிள்ளைங்கதான் எங்களுக்கு வேணும்” என்றார்.

மேடைக்குப் பக்கத்தில் தங்கமுத்து சார் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். இப்போது துணைத் தலைமை ஆசிரியர். தூண் பக்கமாக ஒரு தடவை பார்த்தார். நான் நகர்ந்துகொண்டேன்.

எனக்குப் படிப்பு வரவில்லை, ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். அவ்வளவுதான். அதற்கும் அவருக்கும் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி வைத்தோம். வேப்பம்பூ கிடைக்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

பதிவுக்கு எங்களுக்குக் கொடுத்த நாள் மே 10. அதற்குள் அம்மா கையெழுத்துப் போடப் பழக வேண்டும்.

அப்பா இறந்தபோது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை ரேங்க் கார்டில் அப்பாதான் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பின் அம்மா, “நீயே போட்டுரு கண்ணு, எனக்கென்ன தெரியும்?” என்றாள். இந்தத் தெருவில் பாதி வீட்டில் மூத்த பிள்ளைதான் கையெழுத்துப் போடும். நான் அம்மா பெயரை ‘பாவாயி’ என்று சாய்த்து எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி வைப்பேன். பெரியவர்கள் கையெழுத்து அப்படித்தான் இருக்கும் என்று அப்போது நினைத்தேன். என் ரேங்க் கார்டு, பிறகு தர்ஷினி ரேங்க் கார்டு, லீவு லெட்டர், எல்லாவற்றிலும் அதே கோடும் புள்ளிகளும்.

இன்று அதையே அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சிமெண்ட் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன்.

“இந்தக் கோடும் புள்ளியும் எதுக்கு?”

“அதுதான் உன்ற கையெழுத்து.”

“எனக்கே தெரியாம எனக்கொரு கையெழுத்தா?” என்று சிரித்தாள்.

ஓடுகிற தறியில் ஒரு இழை அறுந்தால் அம்மா கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுவாள். ஆனால் ‘வா’வின் சுழியில் அவள் கை நின்றுவிடுகிறது. சாக்பீஸ் மூன்று முறை உடைந்தது. தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா பெயில், அம்மா பெயில்” என்று கை தட்டினாள். அவளை அதட்டினேன். ஏன் அவ்வளவு சத்தமாக அதட்டினேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

அடுப்புக்குப் பக்கத்துச் சுவர், தண்ணீர்த் தொட்டி விளிம்பு, எங்கே பார்த்தாலும் பாவாயி, பாவாயி.

மே 2, வெள்ளி

பட்டறைக்காரர் வந்தார். தர்ஷினி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து, சும்மா இருக்காமல் குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். “சின்னதுக்குக் கை வேகமாருக்குதே. லீவுதானே? உக்காத்தி வெய்யி. பக்கத்து மிஷின் சும்மாதானே கெடக்குது” என்றார்.

“அது படிக்கறதுங்” என்று அம்மா தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். அம்மா பட்டறைக்காரரிடம் கத்தி நான் பார்த்ததில்லை.

தர்ஷினி கெட்டிக்காரி. ஜூனில் ஏழாவது. நடந்து போகிற தூரத்தில் வேறு பள்ளிக்கூடம் இல்லை. பாலம் தாண்டினால் ஒன்று உண்டு, இரண்டு பஸ். காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. அவளை யார் ஏற்றிவிடுவது? அங்கே சேர்த்த இந்தத் தெருப் பெண்கள் மூன்று பேரும் ஒரு வருடம் தாண்டவில்லை. இந்தப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் சும்மா கிடக்கிற பக்கத்து மிஷின்தான்.

மே 7, புதன்

செல்வராணி அக்கா தன் மகனுக்குப் பதிவை முடித்துவிட்டு வந்தது. “ஒண்ணும் பயமில்ல. பேசறாங்க, கையெழுத்து வாங்கறாங்க. ஒரு குடும்பத்துல எத்தன பேரு படிச்சாங்களோ அத்தன பேரு காயிதத்தையும் ஒரே பைலுக்குள்ள போட்டு வெச்சிருக்கறாங்க, பாத்துக்கோ. என்ற பெரியவன் எட்டாவதுல வாத்தியாரு சைக்கிள் காத்தைப் புடுங்கி விட்டதுகூட அதுல இருக்குது!”

“நின்னு போனவங்க காயிதமும் இருக்குதுங்களாக்கா?” என்று கேட்டேன்.

“எல்லாமுந்தான். ஏன் புள்ள, மூஞ்சி வெளுத்துப் போச்சு?”

ஒன்றுமில்லை என்றேன். அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன்.

மே 10, சனி

போய் வந்தோம். ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்றார்கள்.

மே 11, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

அனுபமா மேடம், தங்கமுத்து சார், மேசைக்கு இந்தப் பக்கம் அம்மா, தர்ஷினி. நான் கதவோரம். மேடம் அன்பாகத்தான் பேசினார். தர்ஷினியைப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். சொன்னாள். “அருமை” என்றார். பிறகு உறுதிமொழித் தாளை அம்மா பக்கம் திருப்பினார்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். பா. வா. யி. கோடு. ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி. எறும்பு ஊர்வதுபோல் நேரம் போனது. எழுதி முடித்ததும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் நன்றாக இருந்தது.

மேடம் பைலைத் திறந்து தர்ஷினியின் ரேங்க் கார்டுகளை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். அவற்றில் நான் போட்ட கையெழுத்து வேகமாக, சாய்ந்து கிடந்தது.

“இதெல்லாம் நீங்க போட்டதாம்மா?”

“ஆமாங்.”

மேடம் இன்னும் ஒரு தாளை எடுத்தார். நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். அது அங்கே இருக்கக் கூடாது என்று மூன்று நாளாக எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டிருந்தேன். மேடம் சத்தமாகப் படித்தார். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகள் மகுடேஸ்வரியின் படிப்பைத் தொடர இயலாததால், அவளுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, பாவாயி.’ கோடு. இரண்டு புள்ளி.

“மூத்த பொண்ண ஒன்பதாவதுல நீங்களே நிறுத்தியிருக்கீங்க. சின்னவளையும் நிறுத்த மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?”

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “நானுங்களா?” என்றாள். தங்கமுத்து சார் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

அம்மா தான் எழுதவில்லை என்று சொன்னால் அத்தனை கையெழுத்தும் பொய். எழுதினேன் என்றால் பிள்ளையை நிறுத்திய தாய். இதற்கு நடுவில் பேசக்கூடியவர்கள் அந்த அறையில் இரண்டு பேர். ஒருவர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மேடம் பக்கம் திரும்பி, “நாந்தானுங்க எழுதுனேன். அப்ப புத்தியில்லீங்” என்றாள்.

மேடம் பைலை மூடினார். “சேத்துக்க மாட்டோம்னு சொல்லலைம்மா. காத்திருப்போர் பட்டியல்ல வெக்கறோம். ஆகஸ்ட் வரைக்கும் பாருங்க.”

திரும்பி வரும்போது தர்ஷினி, “பதினெட்டாம் வாய்ப்பாடும் எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம்” என்றாள்.

மே 13, செவ்வாய்

கரண்ட் இல்லை. தறிகளுக்கு நடுவே அம்மா வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஏங்கண்ணு, நானா உன்னய நிறுத்துனேன்? நீதான் படிப்பு வரலைன்னு சொன்னே.”

சொன்னேன். நடந்ததை முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன்.

ஒன்பதாவது முழுப் பரீட்சை முடிந்ததும் தங்கமுத்து சார் என்னை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. டீ வாங்கித் தந்தார். “மகுடேஸ்வரி, நீ நல்ல புள்ள. ஆனா கணக்குல இருபதே தாண்ட மாட்டீங்கறே. பத்தாவதுல பெயிலானா தெருவே சிரிக்கும். இப்பவே டி.சி. வாங்கிட்டா உனக்கும் மரியாதை, பள்ளிக்கும் மரியாதை” என்றார். கடிதத்தை அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். “அம்மாகிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வா” என்றார். நான் வீட்டுக்கு வரவில்லை. காம்பவுண்டுச் சுவரில் தாளை வைத்து நானே போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பினேன். எப்படி அவ்வளவு சீக்கிரம் என்று அவர் கேட்கவில்லை. என் வகுப்பில் அந்த வாரம் இன்னும் ஐந்து பேர் டி.சி. வாங்கினார்கள். அடுத்த வருடம் பள்ளிக்கூட வாசலில் முதல் நூறு சதவீத பேனர் கட்டினார்கள்.

அம்மா கீழே கிடந்த பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?”

யோசித்தாள். “ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

கரண்ட் வந்துவிட்டது.

மே 16, வெள்ளி

பத்தாம் வகுப்பு ரிசல்ட். வாசலில் புது பேனர். மூன்றாம் முறையாக நூறு சதவீதம். பட்டறைக்குப் போகிற வழி அதுதான், வேறு வழி இல்லை.

மே 20, செவ்வாய்

நேற்றே பள்ளிக்கூடத்துக்குப் போய் கேட் வரை நின்று திரும்பிவிட்டேன். இன்று உள்ளே போனேன். பேச வராது என்று தெரியும், அதனால் எல்லாவற்றையும் நான்கு பக்கம் எழுதி எடுத்துப் போனேன். டீ, கடிதம், காம்பவுண்டுச் சுவர், மற்ற ஐந்து பேர் பெயர். அம்மாவுக்கு எதுவும் தெரியாது, தவறு என்னுடையது, தர்ஷினியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தேன்.

அனுபமா மேடம் இரண்டு முறை படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காரும்மா” என்றார். “நல்லா எழுதியிருக்கே. ஒரு பிழைகூட இல்ல. உன்னையா படிப்பு வரலைன்னு சொன்னாங்க?”

எனக்கு அழுகை வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

“உனக்கு எத்தனை வயசு?”

விரலால் மேசையில் பதினேழு என்று எழுதிக் காட்டினேன்.

“அப்ப இதை நீ குடுக்க முடியாது. அம்மா கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்.”

மே 22, வியாழன்

அம்மா நான்காம் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள். இப்போது முன்பைவிட நன்றாக வருகிறது, ஆனாலும் அவள் கைதான் அது, ஒவ்வொரு சுழியிலும் நின்று நின்று. கொண்டுபோனேன். மேடம் பைலை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“ரெக்கார்டுல இருக்கற கையெழுத்தோட இது ஒத்துப் போகலையேம்மா. நாளைக்குத் தங்கமுத்து சார், இதையும் பொண்ணுதான் போட்டாள்னு சொன்னா?”

“இது அம்மா...” என்றேன்.

“நான் உன்னை நம்பறேன். ஆனா இதை மேலே அனுப்ப முடியாது.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இந்த ஒப்பந்தமே அந்த ரிசல்ட்டை வெச்சுத்தான் வந்துச்சு. நீ எழுதியிருக்கறது பொய்யின்னா உனக்குக் கஷ்டம். நெஜம்னா இங்க எல்லாருக்கும் கஷ்டம்.”

நான்கு பக்கத்தையும் மடித்து என் கையில் கொடுத்தார். வாசல் வரை கூடவே வந்தார். அவர் கெட்டவர் இல்லை.

மே 24, சனி

பக்கத்து மிஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள்.

மே 27, செவ்வாய்

அம்மா இப்போதும் தினமும் எழுதிப் பார்க்கிறாள். போதும் என்று சொன்னேன். “பழகியாச்சு, விட வரமாட்டீங்குது” என்றாள். என் பழைய ரேங்க் கார்டை முன்னால் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதுகிறாள். அதே சாய்வு. அதே வேகம்.

மே 30, வெள்ளி

பள்ளியிலிருந்து ஆள் வந்தது. காத்திருப்போர் பட்டியல் நீளமாகிவிட்டதாம். ஆகஸ்ட்டில் இடம் கிடைக்கும் என்று உறுதியில்லை. அதுவரை பிள்ளை வீட்டில் இருப்பதைவிட, டி.சி. வாங்கிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சேர்த்துவிடுவது பிள்ளைக்கு நல்லது என்று சொன்னார்கள். விருப்பக் கடிதம் ஒன்று போதும், பெற்றோரே எழுதியதுபோல.

நான்தான் எழுதினேன். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் மகள், பணிவுடன், இப்படிக்கு.

அலுவலகத்தில் தங்கமுத்து சார் இருந்தார். அம்மா அவர் முன்னாலேயே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஒரே இழுப்பு. கோடு. இரண்டு புள்ளி. சார் பைலைத் திறந்து பார்த்தார். பழையதற்கும் இதற்கும் இம்மியளவு வித்தியாசம் இல்லை.

“சரியா இருக்குதுங்களா?” என்று அம்மா கேட்டாள்.

அவர் தலையாட்டினார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நிமிரவில்லை. சீல் வைத்துக் கொடுத்தார்.

ஜூன் 2, திங்கள்

பாலத்துக்கு அந்தப் பக்கம் அடுத்த வாரம் போய்ச் சேர்த்துவிடலாம் என்று அம்மா சொல்கிறாள். நானும் அப்போது அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அடுத்த வருடம் தனியாகப் பரீட்சை எழுதிவிடலாம் என்று.

அதுவரை சும்மா இருப்பானேன் என்று தர்ஷினி காலையில் எங்களோடு வந்துவிட்டாள். அம்மா இன்று கத்தவில்லை. குச்சியை எப்படி மாட்டுவது என்று ஒரு தடவைதான் காட்டினேன். பட்டறைக்காரர் சொன்னது சரிதான், அவளுக்குக் கை வேகம். குச்சிகளை எண்ணும்போது பதினெட்டாம் வாய்ப்பாடாக எண்ணினாள்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. எல்லாத் தறியும் நின்றது. அந்த அமைதியில் பள்ளிக்கூடத்து முதல் மணி நன்றாகக் கேட்டது. தர்ஷினி எழுந்து நின்றாள். பாவாடையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள்.